'ஹாஸ்டல்ல எல்லாருந்தான் சார் குடிக்கிறாய்ங்க'

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இரண்டு வருடமாக ஆண்கள் விடுதிக்குத் துணை வார்டன் வேலையும் என் தலையில். போன மாதம் ஒரு பர்த்டே டிரீட்டில் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் நினைவு தப்பி விழுந்துவிட்டான். கூட இருந்தவர்கள் பயந்துபோய் என்னிடம் சொல்லாமல் அவனை பாத்ரூமில் உட்கார வைத்து ராத்திரி இரண்டு மணி வரை தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். விசாரித்தால், 'ஹாஸ்டல்ல எல்லாருந்தான் சார் குடிக்கிறாய்ங்க' என்கிறார்கள். நூற்றுக்கு எண்பது பேராவது குடிப்பான் என்பதுதான் என் கணக்கும். விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தச் சொல்லி கல்லூரி முதல்வர் உத்தரவு. வாசலில் 'மதுவின் பிடியில் மாணவர் சமுதாயம்' என்று பேனர், கெட்டுப்போன கல்லீரல் படம், மெஸ்ஸில் கள்ளுண்ணாமைக் குறள்கள், ஊர்வலம், உறுதிமொழி என்று திட்டம் போட்டிருக்கிறேன். இது போதுமா? உளவியல்படி வேறு ஏதாவது செய்ய முடியுமா?
- துணை வார்டன், மதுரை மாவட்டம்

பதில்:

வணக்கம் சார்.

பேனரை அச்சுக்குக் கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் நிறுத்தி வையுங்கள். கொடுத்துவிட்டால் வாங்கிச் சுருட்டிப் பரணில் போடுங்கள். பிளெக்ஸ் காசு போனால் போகிறது.

அந்த வாசகத்தைப் புதிதாகச் சேரும் பையன் எப்படிப் படிப்பான் என்று யோசித்துப் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்தோ பேரையூர்ப் பக்கமிருந்தோ பெட்டியும் வாளியுமாக வந்து இறங்குகிறான். சித்தப்பா குடித்துவிட்டு வந்து வீட்டில் ஆடிய ஆட்டமெல்லாம் பார்த்து, 'நாம இதத் தொடவே கூடாது' என்று நினைத்து வந்தவன். வாசலிலேயே கல்லூரி அவனிடம் சொல்லிவிடுகிறது: இங்கே வந்து சேருகிறவன் குடிப்பான். நீங்கள் எச்சரிக்கை என்று எழுதுகிறீர்கள், அவன் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்கிறான்.

இது என் ஊகம் மட்டுமில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன மரங்கள் சிதறிக் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் துண்டு துண்டாகப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரின் குழு அங்கே இரண்டு விதமான பலகைகளை வைத்துப் பார்த்தது. 'இதற்கு முன் வந்த நிறையப் பேர் எடுத்துப் போய்விட்டார்கள், காடே பாழாகிறது' என்று ஒன்று. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று இன்னொன்று. இரண்டாவது பலகை இருந்தபோது, அடையாளம் வைத்துப் போட்ட துண்டுகளில் நூற்றுக்கு இரண்டுகூடக் காணாமல் போகவில்லை. முதல் பலகை இருந்தபோது ஏறக்குறைய எட்டு போனது. நிறையப் பேர் செய்கிறார்கள் என்று புலம்பினால், நாமும் செய்தால் என்ன என்றுதான் காதில் விழுகிறது.

'ஊரோடு ஒத்து வாழ்' என்று நம் வீட்டில் சொல்லித்தானே வளர்த்தார்கள். பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வந்தவனுக்கு ஹாஸ்டல்தான் ஊர். அந்த ஊர் என்ன செய்கிறது என்று பார்த்து அப்படியே செய்கிறான். அந்த ஊரை இதுவரை யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

ஒரு கதை சொல்கிறேன், ஆள் அடையாளம் மாற்றி. ஒரே அறையில் இருந்த இரண்டு பையன்கள், மூன்றாம் ஆண்டு. பைக்கில் போய் விழுந்து ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து இருவரையும் என்னிடம் கூட்டி வந்தார்கள். தனித்தனியாகப் பேசினேன். கையில் கட்டுப் போட்டவன் சொன்னான்: 'எனக்கு அந்த வாடையே ஆகாது சார். அவன் தனியாக் குடிச்சா மனசு ஒரு மாதிரி ஆயிருவான். அதான் கம்பெனி குடுப்பேன்.' அவனை வெளியே அனுப்பிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டேன். அவன் சொன்னது: 'அவனுக்குத்தான் சார் வேணும். நான் வேணாம்னா சீன் போடுறான்னு நெனப்பான்.' இரண்டு வருடம், ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும், ஒருவனுக்காக ஒருவன் குடித்திருக்கிறார்கள். இருவரையும் சேர்த்து உட்கார வைத்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கட்டுப் போட்டவன், 'அடப்பாவி, பில்லு பூரா நாந்தானடா குடுத்தேன்' என்றான்.

இரண்டு பேருக்குள் நடந்தது இருநூறு பேருக்குள்ளும் நடக்கும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரெண்டிஸும் டேல் மில்லரும் இதைத் தோண்டிப் பார்த்து 1993-ல் வெளியிட்டார்கள். கேம்பஸில் நடக்கும் குடி பற்றித் தங்களுக்கு உள்ளூரச் சங்கடம் என்று மாணவர்கள் பொதுவாகச் சொன்னார்கள், ஆனால் மற்றவர்களுக்கு அந்தச் சங்கடம் அவ்வளவு இல்லை என்று நம்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரு பருவம் முடிவதற்குள் ஆண் மாணவர்கள் தங்கள் மனதையே அந்த இல்லாத கூட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாணவிகள் அப்படி மாறவில்லை.

இந்தத் தப்புக் கணக்கு எங்கிருந்து வருகிறது? குடித்தவனுக்குக் கதை இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி எவன் மட்டையானான், எவன் வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்து அழுதான் என்பது ஞாயிற்றுக்கிழமை இட்லி வேகுமுன் மெஸ்ஸுக்கு வந்துவிடும். பத்து மணிக்குப் போர்த்திப் படுத்தவனைப் பற்றி யார் என்ன பேச? ஸ்டேட்டஸிலும் அதே கதைதான், கிளாஸோடு இருக்கிற போட்டோ ஏறும், தூங்குகிற போட்டோ ஏறாது. வார்டனுக்கு இன்னும் மோசம். பிரச்சினை பண்ணுகிறவன்தான் உங்கள் அறைக்கு வருகிறான், மற்றவர்களுக்கு உங்களிடம் வேலையே இல்லை. குறை சொல்லவில்லை சார், எனக்கும் இதே வியாதி உண்டு. தொடர்ந்து ஒரு வாரம் குடிநோயாளிகளையே பார்த்துவிட்டு சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுத்தாவணிப் பக்கம் போனால், எதிரில் வருகிறவன் எல்லாம் போட்டுவிட்டு வருகிற மாதிரியே எனக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் எண்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மது அருந்துகிறவர்கள் 25.4 சதவீதம். நாலில் ஒருவர். எந்த டீக்கடையில் கேட்டாலும் இந்த எண்ணை நம்பமாட்டார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் எவன் ஒத்துக்கொள்வான் என்பார்கள். நியாயம்தான், கொஞ்சம் பேர் மறைத்திருப்பார்கள். சரி, இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் பாதி ஆண்கள் குடிக்காதவர்கள். எல்லா வயது ஆண்களுக்கும் பொதுவான கணக்கு இது, உங்கள் விடுதிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. அங்கே தனியாக எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிச் சொல்வதே வைத்தியம் என்று முதலில் பிடித்தவர்கள் வெஸ்லி பெர்கின்ஸும் ஆலன் பெர்க்கோவிட்ஸும். நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்ற சின்ன ஊரில் ஹோபார்ட் கல்லூரி. சக மாணவர்கள் குடியை எந்த அளவுக்குச் சரி என்கிறார்கள் என்று மாணவர்கள் நினைப்பதும் நிஜமும் ஒத்துப்போகவில்லை, நினைப்பு ஒரு படி மேலேயே நிற்கிறது என்று 1986-ல் எழுதினார்கள். கொஞ்ச வருடத்தில் வடக்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் அதைக் கையில் எடுத்தது. அங்கே மாணவர்களைக் கேட்டால், அளவு மீறிக் குடிக்கிறவன் நூற்றுக்கு எழுபது பேர் என்றார்கள். எண்ணினால் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. 'நம்மில் பெரும்பாலோர் பார்ட்டியில் ஐந்து டிரிங்க்ஸோடு நிறுத்திக்கொள்கிறோம்' என்று உள்ளதை உள்ளபடி வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பயமுறுத்தல் இல்லை, உறுதிமொழி இல்லை. பத்து வருடத்தில் அளவு மீறிக் குடிக்கிறவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்தைந்தாகக் குறைந்தார்கள்.

அந்த 'ஐந்தோடு நிறுத்து' வாசகத்தை மட்டும் இங்கே கொண்டுவந்து விடாதீர்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவனுக்குச் சரக்கு விற்கவே கூடாது. இளங்கலைப் பையன்கள் அநேகமாக எல்லோரும் அதற்குள் அடக்கம். அவர்களுக்கு அளவு சொல்லிக் கொடுப்பது நம் வேலை இல்லை. நமக்குச் சொல்ல இருப்பது அதைவிட எளிய செய்தி, குடிக்காதவர்களின் எண்ணிக்கை.

எப்படி எண்ணுவது என்பதில்தான் காரியமே இருக்கிறது. நீங்கள் எண்ணக் கூடாது. உங்களைப் பார்த்தால் ஒருவனும் உண்மை எழுதமாட்டான். சின்னச் சீட்டு அடியுங்கள். பெயர், துறை, ஆண்டு, அறை எண் எதுவும் வேண்டாம். கையெழுத்துத் தெரியாதபடி டிக் மட்டும். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா. ஞாயிற்றுக்கிழமை மதியம் சிக்கன் போடுகிற நேரத்தில் மெஸ்ஸில் பெட்டியை வையுங்கள், அன்றைக்குத்தான் விடுதியே முழுசாகக் கூடும். பக்கத்தில் மறைப்பாக ஒரு அட்டை, ஓட்டுப் போடுகிற இடம் மாதிரி. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். மெஸ் செக்ரட்டரியும் இரண்டு பையன்களும் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து எண்ணட்டும்.

கேள்வி மூன்று போதும். கடந்த 30 நாளில் நீ எத்தனை நாள் குடித்தாய்? ஒருநாளும் இல்லை, ஒன்று இரண்டு, அதற்கு மேல் என்று கட்டம். அடுத்தது, நம் விடுதியில் நூறு பேரை எடுத்தால் போன மாதம் குடித்தவன் எத்தனை பேர் இருப்பான் என்று நினைக்கிறாய்? மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: ஒருத்தன் 'எனக்கு வேணாம் மாப்ள' என்றால் அவனை நீ மட்டமாக நினைப்பாயா, மற்றவர்கள் நினைப்பார்களா? முன்னால் சொன்ன அந்த இரண்டு பேரின் கதை முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கேள்வியில் 'எவ்வளவு குடித்தாய்' என்பதை நான் சேர்க்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு. பையன்களுக்கு அளவு தெரியாது. 'ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார்' என்பான், ஏதோ மோர் குடித்த மாதிரி. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் 42.8 சதவீதம் என்று இருக்கும். பெருக்கினால் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரே வேளையில் 60 கிராம் போனாலே உலக சுகாதார நிறுவனம் அதை அளவு மீறிய குடி என்கிறது. அந்த 'ஒரே ஒரு குவார்ட்டர்' அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டது. பாதியான கட்டிங்கே 30 கிராம். பிளாஸ்டிக் கப்பில் கண்ணளவாக ஊற்றி, மேலே வாட்டர் பாக்கெட்டைப் பீய்ச்சிக் குடிக்கிறவனுக்கு எத்தனை கட்டிங் போனது என்பது மூன்றாவது கப்பிலேயே மறந்துவிடும். அறிவியல் துறை நண்பர் யாரிடமாவது அளவுக் குடுவை வாங்கி, 180 மில்லி தண்ணீரை மெஸ் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் காட்டுங்கள். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும் என்பதையும் கூடச் சொல்லுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவன், காலையில் 'தெளிஞ்சிருச்சு' என்று ஆறு மணிக்குப் பைக்கை எடுத்தால் அது தெளிந்த பைக் என்று சொல்ல முடியாது. லெமனும் மோரும் வாய்க்குத்தான், கல்லீரலுக்கு அவசரம் தெரியாது. பாழான கல்லீரல் படத்தைவிட இந்த டம்ளர் நன்றாக வேலை செய்யும் என்பது என் அனுபவம். அந்தப் படத்தில் இருப்பது எப்போதும் வேறு யாரோ ஒருவருடைய கல்லீரல்.

எண்ணி முடித்து எண் நல்லதாக வந்தால் எழுதிப் போடுங்கள். 'நம்ம விடுதியில் நூற்றுக்கு இத்தனை பேர் போன மாதம் குடிக்கவே இல்லை.' கீழே எண்ணிய தேதியும் விழுந்த சீட்டு எத்தனை என்பதும். மூன்றாவது கேள்விக்கு வந்த எண்ணை இன்னொன்றில் போடுங்கள், 'வேணாம்னா விட்ருவோம்' என்று பையன்கள் பேச்சிலேயே. மண்டை ஓடு, பாம்பு, தூக்குக் கயிறு எதுவும் வேண்டாம். மெஸ் வாஷ்பேசின் கண்ணாடிக்கு மேல் ஒட்டுங்கள், மாடிப்படித் திருப்பத்தில் ஒட்டுங்கள். எண் என்ன என்பதை நீங்கள் மைக்கில் சொல்வதைவிட வாலிபால் டீம் கேப்டன் போகிறபோக்கில் சொன்னால் ஏறும். குறளை எடுக்கச் சொல்லவில்லை, இருக்கட்டும். அவன் டவுன் பஸ்ஸில் குறளுக்குக் கீழேதான் தொங்கிக்கொண்டு வருகிறான்.

சராசரியை மட்டும் எங்கும் எழுதாதீர்கள். கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில், அக்கம்பக்கத்து வீடுகள் சராசரியாக எவ்வளவு மின்சாரம் செலவழிக்கின்றன என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார்கள். 2007-ல் வந்த ஆய்வு. அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள், சரி. குறைவாகச் செலவழித்தவர்கள் கூட்டிவிட்டார்கள்! சிக்கனமான வீட்டுச் சீட்டில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்து கொடுத்தபோதுதான் அந்த ஏற்றம் நின்றது. மாதம் ஒருமுறை குடிப்பவனிடம் 'சராசரி மூன்று முறை' என்று சொன்னால் அவன் பாக்கி இரண்டைத் தேடிப் போவான்.

இப்போது பாதகமான பக்கம். இதை எல்லாக் கல்லூரியிலும் பலிக்கிற மந்திரம் என்று சொன்னால் பொய். அமெரிக்காவில் வில்லியம் டிஜாங் குழு பல கல்லூரிகளில் ஒப்பிட்டுப் பார்த்து, பலன் இருக்கிறது என்று 2006-ல் சொன்னது. அதே குழு வேறு கல்லூரிகளில் மறுபடி செய்து பார்த்து, இம்முறை பலன் தெரியவில்லை என்று 2009-ல் ஒப்புக்கொண்டது. இரண்டாவது முறை எடுத்த கல்லூரிகளைச் சுற்றி மதுக்கடைகள் நெருக்கமாக இருந்தது காரணமாக இருக்கலாம் என்றார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. சுவரில் என்ன ஒட்டினாலும், கேட்டைத் தாண்டியதும் கடை போர்டு பெரிதாக எதிர்ச்செய்தி சொல்லிக்கொண்டிருக்கும். 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில் இருப்பதால், மனுக் கொடுக்க வேண்டிய இடமாவது நமக்குத் தெரிந்த இடம். நடக்கிற தூரத்தில் கடை இருந்தால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனுப் போட்டு வையுங்கள். போஸ்டரைவிட அது மெதுவாக நகரும், தெரியும்.

உங்கள் எண்பதே சரி என்று சீட்டில் வந்துவிட்டால்? அப்போது முதல் எண்ணை வெளியே சொல்லாதீர்கள், மாற்றியும் சொல்லாதீர்கள். ஒரு பொய் எண்ணைப் பையன்கள் அரைநாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். மூன்றாவது கேள்வியின் பதில் அப்போதும் கைகொடுக்கக்கூடும். குடிக்கிறவர்களிலேயே பலர், குடிக்காதவனை மட்டமாக நினைப்பதில்லை.

கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது குடி இல்லை சார், அந்த இரண்டு மணி வரை ஊற்றிய தண்ணீர். உங்களுக்குப் பயந்து ஒரு உயிரைப் பாத்ரூமில் வைத்திருந்திருக்கிறார்கள். நினைவு தப்பியவனை மல்லாக்கப் போட்டால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும், உட்கார வைத்தாலும் தலை தொங்கி மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தனியே விடக் கூடாது, வாயில் எதையும் ஊற்றக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே 108. இதை அறைக்கு ஒரு சீட்டாகக் கொடுங்கள். கூடவே முதல்வரிடம் பேசி ஒரு வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள்: நண்பனுக்காக ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவன் மீதும் விழுந்தவன் மீதும் அந்த ராத்திரிக்காக நடவடிக்கை இல்லை, வீட்டுக்கு டி.சி. மிரட்டல் இல்லை. கண்டிப்பு குறைந்துவிடும் என்று நிர்வாகத்தில் யாராவது சொல்வார்கள். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டு அவர்களிடம் சொல்லுங்கள்.

விழுந்த பையனுக்கு இந்தப் போஸ்டர் எதுவும் பொருந்தாது. அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்களாக இல்லாமல் இருப்பது நல்லது. தினமும் குடிக்கிறானா, காலையில் கை நடுங்குகிறதா, குடிக்காத நாளில் வியர்த்துத் தூக்கம் கெடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்துகிற வேலை வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம். போன் என்றால் டெலி மனஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446. இதெல்லாம் இல்லை, அது ஒரு ராத்திரிப் பைத்தியக்காரத்தனம்தான் என்றால், அவனுக்கு விடுதியில் இந்நேரம் வைத்திருக்கும் பட்டப்பெயரை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றவே அடுத்த டிரீட்டுக்கும் போவான்.

பெட்டி வைக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு வேலை. இரண்டாவது கேள்விக்கு நீங்களும் ஒரு சீட்டில் 80 என்று எழுதி, மடித்து உங்கள் மேஜை டிராயரில் போட்டு வையுங்கள். எண்ணி முடித்ததும் இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.